கருப்பு ஏன் இன்னும் நம்மை விடவில்லை?



சில வாரங்களுக்கு முன்பு ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தாயார் என்னிடம் வருத்தத்தோடு பேசினார். மகன் தன் பாட்டியோடு அமர்ந்து யூடியூபில் பழைய தமிழ்த் தொடர் ஒன்றை நாள்தோறும் பார்க்கிறானாம். "சாமி குதிரையில வந்து தப்பு பண்ணவங்கள கொல்லுதாம் டீச்சர். படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் தேவையா? நீங்க சொன்னா கேட்பான்" என்றார். அது எந்தத் தொடர் என்று உங்களில் பலர் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். 'மர்மதேசம்' வரிசையில் வந்த 'விடாது கருப்பு'தான் அது.

நான் அந்த மாணவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் உண்டு. அதை அந்தத் தாயாருக்கு மட்டுமன்றி மற்ற பெற்றோர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியதால் இதனை எழுதுகிறேன்.

அறியாதவர்களுக்காகச் சில செய்திகள். 1990களின் நடுப்பகுதியில் சன் தொலைக்காட்சியில் 'மர்மதேசம்' தொடங்கியது. இயக்குநர் கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்தது. கதை, மதுரையில் வாழ்ந்த எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜனுடையது. முதலில் 'ரகசியம்' வந்தது. அடுத்து, 1997இல் 'விடாது கருப்பு' வந்தது. இவ்விரண்டையும் இயக்கியவர் நாகா. பின்னர் 'சொர்ணரேகை', 'இயந்திரப் பறவை', 'எதுவும் நடக்கும்' என வரிசை நீண்டது. இவற்றுள் மக்கள் மனத்தில் ஆழமாகப் பதிந்தது 'விடாது கருப்பு'தான். 2024 நவம்பரில் இந்திரா சௌந்தர்ராஜன் மறைந்தபோது, எனக்கு வந்த இரங்கற் செய்திகளில் அவருடைய நூற்றுக்கணக்கான படைப்புகளை விட்டுவிட்டு எல்லாரும் அந்த ஒரு குதிரையைத்தான் நினைவுகூர்ந்தார்கள். எழுத்தாளருக்கு அது பெருமையா வருத்தமா என்று நாம் இனிக் கேட்க முடியாது.

கதையின் முடிவை நான் சொல்லப் போவதில்லை. மர்மக் கதையின் முடிவைச் சொல்வதைவிடப் பெரிய குற்றம் அந்தக் கதையிலேயே இல்லை! களத்தை மட்டும் சொல்கிறேன். ஒரு சிற்றூர். காவல் தெய்வம் கருப்பு. தவறு செய்தவர்களைக் கருப்பு தண்டிக்கும் என்பது ஊராரின் நம்பிக்கை. தண்டனைகளும் நடக்கின்றன. நகரத்திலிருந்து படித்தவர்கள் வருகிறார்கள், கேள்வி கேட்கிறார்கள். ஒரு பக்கம் நம்பிக்கை, மறுபக்கம் மனநல மருத்துவம். கதை இரண்டு காலங்களில் மாறி மாறி நடக்கும். ஒரு சிறுவனின் பிள்ளைப் பருவம் ஒன்று, அவன் வளர்ந்து ஆளான பின் மற்றொன்று. வளர்ந்தவனாக நடித்தவர் சேத்தன். 2023இல் வெளிவந்த 'விடுதலை' திரைப்படத்தில் காவல்துறை அதிகாரியாக வந்து நம்மை வெறுப்பேற்றியவரும் அவரே. பேச்சிக் கிழவியாக நடித்தவர் சி. டி. ராஜகாந்தம். 1940களின் திரைப்படங்களில் காளி என். ரத்தினத்தோடு இணைந்து நகைச்சுவையில் கொடிகட்டிப் பறந்தவர், தம் முதுமையில் இப்படி ஒரு பாத்திரத்தில் வந்து நின்றார்.

சரி, கால் நூற்றாண்டுக்கும் மேலாகிவிட்டது. ஒளிப்பதிவு மங்கிவிட்டது. சில காட்சிகளின் வரைகலை இன்றைய பிள்ளைகளுக்குச் சிரிப்பை வரவழைக்கும். ஆயினும் சுபாங் ஜெயாவில் பதினைந்தாவது மாடியில் வளரும் பன்னிரண்டு வயதுப் பையனை அது ஏன் பிடித்து நிறுத்துகிறது?

பேய் பிசாசு என்றால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அந்த விடையை நான் ஏற்கவில்லை. அச்சம் மட்டும் வேண்டுமென்றால் இதைவிடப் பன்மடங்கு அச்சமூட்டும் கொரியப் படங்களும் இந்தோனேசியப் படங்களும் அவன் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. அவனை ஈர்ப்பது அந்த ஊர். எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊர். அப்படிப்பட்ட ஊரில் ஒரு குற்றம் நடந்துவிட்டால் அதைச் செய்தவர் அயலாராக இருக்க இயலாது. காலையில் தண்ணீர் எடுக்கும்போது நலம் கேட்டவர், கோயிலில் திருநீறு கொடுத்தவர், சோறு போட்டு வளர்த்தவர் ஆகிய இவர்களில் ஒருவர்தான். நகரத்துக் குற்றக் கதையில் குற்றவாளி கூட்டத்தில் மறைகிறான். சிற்றூர்க் கதையில் அவன் உறவுக்குள் மறைகிறான். இரண்டாவதுதான் கண்டுபிடிக்கக் கடினம். நெஞ்சை உறுத்துவதும் அதுவே.

இது நம்மவர்க்கு மட்டும் உரிய சுவையன்று. 'விடாது கருப்பு' வந்த அதே 1997ஆம் ஆண்டில்தான் இங்கிலாந்தில் 'மிட்சோமர் மர்டர்ஸ்' என்னும் தொடர் தொடங்கியது. பூந்தோட்டமும் தேவாலயமும் நிறைந்த அழகிய கிராமங்கள், வாரந்தோறும் கொலைகள். நாயகன் மாறிய பின்பும் அத்தொடர் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதற்கும் முன்னோடி அகதா கிறிஸ்டி. 1930இல் வெளிவந்த நாவலில் அவர் மிஸ் மார்ப்பிள் என்னும் முதிய பெண்மணியைத் துப்பறிய வைத்தார். அந்த அம்மையார் ஆய்வுக்கூடத்துக்குப் போவதில்லை. பின்னல் வேலை செய்துகொண்டே, "இந்த ஆள் எங்கள் ஊர் இன்னாரைப் போல இருக்கிறாரே" என்று ஒப்பிட்டுப் பார்த்தே குற்றவாளியைப் பிடித்துவிடுவார். நம் பாட்டிமார்கள் திருமணத்துக்கு மாப்பிள்ளை பார்க்கும் முறையும் இதுதானே!

உறவுக்குள் மறைகிறான் என்றேன். இங்கேதான் ஆசிரியர் என்ற முறையில் எனக்கு ஒரு கவலை எழுகிறது. நம் பிள்ளைகளுக்கு உறவுமுறை தெரியவில்லை.

வகுப்பில் ஒருமுறை நானே ஒரு சிறு மர்மக் கதையை எழுதிக் கொடுத்தேன். ஓர் ஊரில் பெரியவர் ஒருவரின் நிலப் பத்திரம் காணாமல் போகிறது. வீட்டுக்கு வந்து போனவர்கள் நால்வர்: மைத்துனர், சகலை, பங்காளி, பக்கத்து வீட்டுக்காரர். யார் மீது முதலில் ஐயம் கொள்வீர்கள், ஏன் என்று கேட்டேன். நம் தலைமுறையினர் ஒரு நொடியில் பங்காளி என்று சொல்லிவிடுவோம். பங்கு உடையவன் பங்காளி. அப்பன் வழிச் சொத்தில் உரிமை கோரக் கூடியவன் அவன் ஒருவனே. சகலைக்கு அந்த நிலத்தில் ஒரு பிடி மண்ணும் சேராது. ஆனால், என் மாணவர்களுக்கு அந்த நால்வரும் ஒன்றுதான். எல்லாரும் 'அங்கிள்'! முப்பது பேரில் ஏறக்குறைய இருபது பேர் பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்தார்கள். அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரர்தான் முகம் தெரியாதவர், ஆகவே அவர்தான் ஐயத்துக்குரியவர். அவர்கள் வாழ்க்கைக்கு அது சரியான தருக்கமே. கதைக்குத்தான் பொருந்தவில்லை.

பிறகு பங்காளி யார், மாமன் யார், மச்சான் யார், நாத்தனார் யார், ஓரகத்தி யார் என்று கரும்பலகையில் வரைந்து காட்டினேன். பாடநூலில் இதே உறவுப் பெயர்களைச் சொல்லிக் கொடுத்தபோது கொட்டாவி விட்ட பிள்ளைகள், ஒவ்வோர் உறவுக்கும் ஒவ்வொரு உள்நோக்கம் இருக்கலாம் என்று தெரிந்தவுடன் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "டீச்சர், அப்போ எங்க அப்பாவோட அண்ணன் எங்களுக்குப் பங்காளியா?" என்று ஒருத்தி கேட்டாள். அவள் வீட்டில் என்ன நடந்ததோ, நான் மேலே விளக்கவில்லை!

'விடாது கருப்பு' போன்ற கதையைப் பின்தொடர வேண்டுமானால் உறவுமுறை தெரிந்திருக்க வேண்டும், வட்டாரப் பேச்சைக் காதில் வாங்க வேண்டும், பெரியவர்கள் சொல்லாமல் விடுகின்றவற்றையும் கவனிக்க வேண்டும். அந்த மாணவன் பாட்டியோடு அமர்ந்து பார்க்கிறான் என்றால், புரியாத இடத்தில் பாட்டியைக் கேட்கிறான் என்றுதானே பொருள்? பாட்டியும் பேரனும் நாள்தோறும் ஒரு மணி நேரம் தமிழில் உரையாட நாம் எத்தனை திட்டம் தீட்டியிருப்போம்!

இனி மூடநம்பிக்கைக்கு வருவோம். அந்தத் தாயாரின் கவலையை நான் தள்ளிவிடவில்லை. இந்திரா சௌந்தர்ராஜனின் கதைகளில் தெய்வச் செயலும் அறிவியல் விளக்கமும் அருகருகே நிற்கும். சில கதைகளில் இறுதியில் தராசு நம்பிக்கையின் பக்கம் சாய்ந்துவிடும். எனக்கு அந்த இடங்கள் நிறைவளிப்பதில்லை. அவருக்கு முன்பே சுஜாதா 'கொலையுதிர் காலம்' நாவலில் பேயா அறிவியலா என்ற கேள்வியைக் கணேஷையும் வசந்தையும் வைத்து ஆடிப் பார்த்தார். அந்த நாவலை மூடநம்பிக்கை என்று யாரும் ஒதுக்கவில்லை. கருப்பசாமி என்ற பெயர் வந்தவுடன் மட்டும் நமக்கு ஏன் கூச்சம் வருகிறது? அது நாட்டார் தெய்வம் என்பதாலா? படித்தவர் வீட்டில் முனியாண்டியைப் பற்றியும் கருப்பனைப் பற்றியும் பேசினால் மதிப்புக் குறைந்துவிடும் என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. அதை மூடநம்பிக்கை எதிர்ப்பு என்று நாம் அழகாகப் பெயரிட்டுக்கொள்கிறோம். இது என் கருத்து. மாற்றுக் கருத்து உடையோர் பொறுத்தருள்க.

கருப்பனின் வேலை என்ன என்று பாருங்கள். மதுரைக்கு அருகே அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பன் காவல் நிற்கிறார். அங்கே சிலை இல்லை. சாத்திய கதவுக்குத்தான் வழிபாடு. வழக்கு உடையவர்கள் அந்தக் கதவின் முன் நின்று சத்தியம் செய்வது நெடுநாள் வழக்கம். பொய்ச் சத்தியம் செய்தவன் தப்ப மாட்டான் என்ற நம்பிக்கையே தீர்ப்பு. காவல் நிலையமும் நீதிமன்றமும் எட்டாத தொலைவில் இருந்த எளிய மக்களுக்கு அதுவே முறையீட்டு மன்றமாக இருந்தது. ஆகவே 'விடாது கருப்பு' எழுப்பும் கேள்வி பேய் உண்டா என்பதன்று. ஊரே அஞ்சி ஒடுங்கும் ஒரு நீதியின் பின்னால் உண்மையில் யார் கை இருக்கிறது என்பதே அது. பன்னிரண்டு வயதில் இக்கேள்வியைக் கேட்கத் தொடங்கும் பிள்ளை கெட்டுப் போகமாட்டான். கேள்வி கேட்காமல் எதையும் நம்பும் பழக்கம் அவனுக்கு வர வேண்டுமானால் அதற்கு வாட்சாப் குழுக்களே போதும்.

ஒன்றை மட்டும் பெற்றோர்களிடம் வற்புறுத்துவேன். இத்தொடரில் கொலையும் வன்மமும் உண்டு. ஒன்பது, பத்து வயதினருக்கு இது வேண்டாம். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளும் தனியாகப் பார்க்க வேண்டாம், பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும். இளைய பிள்ளைகளுக்கு நம் நாட்டிலேயே கே. பாலமுருகன் எழுதிய 'மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்' போன்ற சிறுவர் மர்ம நாவல்கள் உள்ளன. எழுதியவரும் ஆசிரியரே. வகுப்பு நூலகத்தில் இத்தகைய நூல்கள் இருந்தால் நிலாம் வாசிப்புப் பதிவேட்டை நிரப்பப் பிள்ளைகளை விரட்ட வேண்டியிராது.

வகுப்பில் நான் கையாளும் முறையையும் ஆசிரிய நண்பர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மர்மக் கதையை முக்கால் பங்கு வாசித்ததும் நூலை மூடிவிடுவேன். மறுநாள் வரை திறக்கமாட்டேன். பிள்ளைகள் கெஞ்சுவார்கள், மனம் இளகக் கூடாது. ஒவ்வொருவரும் ஒரு தாளில் மூன்று செய்திகள் எழுத வேண்டும்: யார் செய்தார், ஏன் செய்தார், கதையின் எந்த வரி அப்படி எண்ண வைத்தது. மூன்றாவதுதான் முக்கியம். முதன்முறை கேட்டபோது பாதிப் பேர் "பேய் செய்தது" என்று எழுதினார்கள். எந்த வரியில் பேய் வந்தது என்று கேட்டேன். பக்கங்களைப் புரட்டினார்கள். "ஊர் மக்கள் பேசிக்கொண்டார்கள்" என்றுதான் வரி இருந்ததே தவிர, "வந்தது" என்று இல்லை. கண்டதற்கும் கேள்விப்பட்டதற்கும் உள்ள வேறுபாட்டை அன்று அவர்கள் தாமாகவே கண்டுகொண்டார்கள். தடயம், சான்று, ஐயம், அனுமானம், உள்நோக்கம் ஆகிய சொற்களை நான் தனியே கற்பிக்கவில்லை. தேவைப்பட்டன, எடுத்துக்கொண்டார்கள்.

உயர்நிலைச் சிந்தனைத் திறன் என்று நாம் பட்டறை பட்டறையாகப் போய்க் குறிப்பெடுத்து வருகிறோம். அதற்குரிய கேள்விகளை இணையத்தில் தேடித் தேடி நகல் எடுக்கிறோம். 2021இல் யூ.பி.எஸ்.ஆர் தேர்வு நீக்கப்பட்ட பின், ஆறாம் ஆண்டு இறுதியில் நமக்குச் சற்று மூச்சுவிட நேரம் கிடைத்திருக்கிறது. அந்த நேரத்தையும் பயிற்சித் தாள்களாலேயே நிரப்பிவிடுகிறோம் என்பதே என் ஆதங்கம். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் தமிழ் நூலைத் தொடாத பிள்ளைகள் எத்தனை பேர் என்பது நமக்குத் தெரியும். ஆறாம் ஆண்டு முடியும்போது அவர்கள் கையில் முடிவு தெரியாத ஒரு தமிழ்க் கதை இருக்க வேண்டும். முடிவை அறிவதற்காகவாவது படிப்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. நம் பிள்ளைகளுக்குக் கிராமம் தொலைவில் இருப்பதாக நினைக்கிறோம். சுபாங் ஜெயா எதன் மேல் எழுந்தது? சீபீல்டு இரப்பர்த் தோட்டத்தின் மேல். 1970களின் பிற்பகுதியிலிருந்துதான் இங்கே வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. அதற்கு முன் இங்கே லயங்கள் இருந்தன. பிரட்டுக்களம், ஆயாக் கொட்டகை, கிராணி வீடு, மாரியம்மன் கோயில், எல்லையில் முனியாண்டி. எல்லாரும் எல்லாரையும் அறிந்த அந்த ஊர் நம் தாத்தா பாட்டிக்கு வாய்த்திருந்தது. ஒரு லயத்தில் குழந்தை அழுதால் அடுத்த லயத்தில் காரணம் சொல்வார்கள். மர்மக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான களம் ஏது?

தோட்டத்தைப் பற்றி நம் எழுத்தாளர்கள் எழுதாமல் இல்லை. தமிழகத்திலிருந்து வந்து கண்டு சென்ற அகிலன் 'பால் மரக்காட்டினிலே' எழுதினார். நம்மவரான சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' தோட்ட வாழ்வின் அடியாழம் வரை செல்லும். ஆனால், பிள்ளைகள் அறிந்த தோட்டம் துயரம் மட்டுமே. உழைத்தார்கள், ஒடுக்கப்பட்டார்கள், வெளியேற்றப்பட்டார்கள் என்று வரலாறாகச் சொல்கிறோம். அது உண்மை, சொல்லத்தான் வேண்டும். ஆயினும் துயரத்தை மட்டும் கேட்கும் பிள்ளை அனுதாபப்பட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறான். மர்மம் இருந்தால் மறுபடியும் வந்து கேட்கிறான்.

இதைச் சோதித்துப் பார்க்க, உங்கள் தாத்தா பாட்டி வாழ்ந்த தோட்டத்தில் விடை தெரியாமல் போன ஒரு நிகழ்ச்சியைக் கேட்டு எழுதி வாருங்கள் என்று பணித்தேன். தாத்தா பாட்டி இல்லாதவர்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரைக் கேட்கலாம் என்றேன். வந்த கதைகளில் பாதி முனியாண்டிக் கதைகள். வெள்ளை வேட்டி, சுருட்டு வாசம், நள்ளிரவுக் காலடி ஓசை. மீதி அவ்வாறன்று. தீம்பாரில் விடியுமுன் அலைந்த ஒளியைக் கண்டு ஒரு பெண் காய்ச்சலில் விழுந்தாளாம். அது நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு பால் மரம் சீவ முந்திப் போன ஆள் என்று பத்து ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்ததாம். அவர் ஏன் அத்தனை முன்னதாகப் போனார் என்பதற்குக் கதை சொன்ன தாத்தா சிரித்துக்கொண்டே பதில் சொல்ல மறுத்துவிட்டாராம்.

என் மாணவர்களுக்கு மிகவும் பிடித்தது கோயில் மணிக் கதை. ஒரு பாட்டி சொன்னது. தோட்டத்து முனியாண்டி கோயிலின் வெண்கல மணி திருவிழாவுக்கு முந்திய இரவு காணாமல் போனது. வெளியாள் வந்திருந்தால் நாய்கள் குரைத்திருக்கும், குரைக்கவில்லை. கோயில் கணக்கு ஒருவரிடம், சாவி ஒருவரிடம், அவ்விருவரும் பங்காளிகள். மூன்றாம் நாள் ஒரு குடும்பம் சொல்லாமல் கொள்ளாமல் தோட்டத்தை விட்டுப் போனது, ஆனால் அவர்களுக்கும் மணிக்கும் தொடர்பில்லை என்று பாட்டி அடித்துச் சொல்கிறாராம். அப்படியானால் யார் என்று கேட்டால், "செத்துப் போனவங்களப் பத்தி என்ன பேச்சு" என்று வாயை மூடிக்கொள்கிறாராம். கரும்பலகையில் இப்போது ஐந்து பெயர்கள் உள்ளன. அந்த நாய்கள் யாருடையவை என்று பாட்டியிடம் கேட்டு வரும்படி வெள்ளிக்கிழமை சொல்லி அனுப்பியிருக்கிறேன்.